புறக்கடைக் கோழிகளுக்கு மாநகராட்சி எழுத்தில் விதி வகுக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நான் குடியிருக்கும் பகுதி அண்மைக்காலம் வரை கிராம ஊராட்சியாக இருந்து, பிறகு பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. அப்படிச் சேர்ந்த பின் வீட்டுக்கோழி வளர்ப்போருக்கு ஏற்பட்டிருக்கும் குழப்பத்தைத் தங்கள் நாளிதழ் வழியாக அதிகாரிகளின் கவனத்துக்கும் மாமன்ற உறுப்பினர்களின் கவனத்துக்கும் கொண்டு செல்ல விரும்புகிறேன்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, காரைக்குடி, நாமக்கல் ஆகிய நான்கும் மாநகராட்சிகளாகத் தரம் உயர்த்தப்பட்டு, தமிழ்நாட்டின் மாநகராட்சிகள் 25 ஆயின. முட்டைக்கும் கோழிப்பண்ணைக்கும் பெயர்பெற்ற நாமக்கல்லே அந்த நான்கில் ஒன்று. ஒவ்வொரு முறை நகரின் எல்லை விரியும்போதும் தோட்டமும் தொழுவமும் கோழிக்கூண்டுமாக இருந்த வீடுகள் ஓர் அரசாணையால் நகர்ப்புற வீடுகளாகிவிடுகின்றன. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் எப்படி மாறும் என்று மக்களுக்குச் சொல்லப்படுகிறது. கொல்லையில் மேயும் நாலு கோழியை என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். என் எதிர்வீட்டில் எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் தனியாக வாழ்கிறார். அவரிடம் ஏழு பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டு ஒரு கை குருணை இறைப்பார். பொழுது சாயும்போது அவை தாமாகவே வந்து அடையும். முட்டையை அக்கம்பக்கத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் கடைக்கும் கொடுத்து, அந்தப் பணத்தில் மாத்திரை மருந்து வாங்கிக்கொள்வார். அவர் வீட்டை ஒட்டிய மனையில் புதிதாக வீடு கட்டி ஒரு குடும்பம் குடிவந்தது. அந்த வீட்டு இளைஞர் இரவுப் பணி முடிந்து விடியற்காலை 3 மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார். அவர் கண்ணயரும் நேரத்தில் சேவல் கூவத் தொடங்கும். அவர் முறையிட்டதில் குற்றம் ஏதுமில்லை.

முறையீட்டின் பேரில் வந்த ஊழியர் கோழிகளைப் பார்த்தார். கூண்டுப் பக்கம் போகவில்லை. "ரெண்டு நாள்ல கோழி ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது பாட்டி" என்று வாய்மொழியாகச் சொன்னார். எந்த விதியின்படி என்று நான் கேட்டதற்கு, "இது இப்ப கார்ப்பரேஷன் சார்" என்பதே பதிலாக வந்தது. எழுத்தில் எதுவும் தரவில்லை. அபராதம் போட்டுவிடுவார்களோ என்று பயந்துபோன அந்த அம்மா, மறுநாளே வந்த வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்கு எல்லாவற்றையும் பிடித்துக் கொடுத்துவிட்டார்.

அதில் ஒன்று அடைக்கோழி. பழைய அலுமினியச் சட்டியில் மணலும் வைக்கோலும் பரப்பி, இடியில் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்று ஓர் இரும்புத் துண்டையும் இரண்டு காய்ந்த மிளகாயையும் ஓரத்தில் வைத்து, பதினோரு முட்டைகளில் அதை உட்கார வைத்திருந்தார். அன்று பதினேழாவது நாள். இன்னும் நான்கு நாள் போயிருந்தால் குஞ்சு பொரித்திருக்கும். மாலையில் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். டார்ச் விளக்கில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தேன். ஒன்பது முட்டைகளில் காற்றறை தவிர மற்ற இடமெல்லாம் இருட்டிக் கிடந்தது. குஞ்சு உருவாகி நிறைந்திருந்ததற்கு அடையாளம் அது. ஆனால் ஓடு தொட்டால் சில்லிட்டிருந்தது. எப்படியாவது வேறொரு அடைக்கோழியின் கீழ் வைத்துவிடலாம் என்று பக்கத்துத் தெருக்களில் விசாரித்தோம். அங்கும் இதே வாய்மொழி உத்தரவு போயிருந்ததால், ஒரு கோழிகூட மிஞ்சியிருக்கவில்லை.

சில நாள் கழித்து அந்த இளைஞரே என்னிடம் வந்து வருத்தப்பட்டார். "ஐயா, நான் சேவலைப் பத்தித்தான் சொன்னேன். பெட்டைக் கோழிங்க இருக்கறதுல எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அந்தம்மா முட்டை குடுத்து நாங்களும் வாங்கியிருக்கோம்" என்றார். எழுத்தில் ஒரு விதி இருந்திருந்தால் ஒரு சேவலோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம் இது. விதி இல்லாததால் எட்டுக் கோழிகளும், பொரிக்காத ஒன்பது குஞ்சுகளும், ஒரு முதியவரின் சிறு வருமானமும் சேர்ந்து போயின.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நெடுங்காலம் நம் நகராட்சிகளை ஆண்ட 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம், பன்றி வளர்க்க அனுமதி பெற வேண்டும் என்றும், எந்த விலங்கையும் பிறருக்குத் தொல்லையாகவோ ஆபத்தாகவோ இருக்கும்படி வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்றும் கூறியது. கோழியே கூடாது என்று அது கூறவில்லை. தொல்லை கூடாது என்றே கூறியது. இப்போது 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டமும் அதன் கீழான 2023-ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறையில் உள்ளன. பொதுத் தொல்லையை அகற்ற வேறு வழியும் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவாக இருப்பது அது. அந்தப் பிரிவின்படி நிர்வாக நடுவர் ஆணை பிறப்பித்தாலும், ஆணைக்கு உள்ளாகிறவர் நேரில் வந்து தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு அளித்தாக வேண்டும். ஆக, இவற்றை வைத்துப் பார்த்தால் தொல்லை உண்டா இல்லையா என்று முதலில் பார்த்து, சம்பந்தப்பட்டவரைக் கேட்டு, பிறகு முடிவெடுப்பதே முறையாக இருக்கிறது. இரண்டு நாள் கெடுவை வாயால் சொல்லிவிட்டுப் போவது எந்த முறையிலும் சேராது.

ஆனால் தொல்லை எது என்பதை முறையிடுகிறவரும் ஊழியரும் தத்தம் மனம்போல் முடிவு செய்யும் நிலை இருக்கும்வரை இந்தச் சண்டை ஓயாது. பெரிய பண்ணைகளுக்கு நிலைமை தெளிவாக இருக்கிறது. 5,000-க்கு மேற்பட்ட பறவைகளை வளர்க்கும் பண்ணைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டும் என்று மத்திய வாரியத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த வழிகாட்டுதல் ஐந்து கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு எழுதப்பட்டதன்று. அந்த வீட்டுக்கு வேண்டியதை உள்ளூர் மாமன்றம்தான் துணைவிதியாக எழுத முடியும்.

வெளிநாட்டு நகரங்கள் இதை எப்போதோ எழுதிவிட்டன. அமெரிக்காவின் மேடிசன் நகரம் 2004-ஆம் ஆண்டு ஒரு வீட்டுக்கு நான்கு பெட்டைக் கோழிகள், சேவல் கிடையாது, கூண்டு பக்கத்து வீட்டிலிருந்து 25 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. நியூயார்க் நகரத்தில் பெட்டைக் கோழி வளர்க்கலாம். சேவலும் வாத்தும் வான்கோழியும் வளர்க்கக் கூடாது. நம்மவர்கள் ஏராளமாக வாழும் சிங்கப்பூரில், அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் கோழிக்கு இடமில்லை என்றாலும், தனி வீடுகளில் வலையடித்த கூண்டுக்குள் பத்துக் கோழிகள் வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அங்கேயும் 2017-ஆம் ஆண்டில் சின் மிங் பகுதியில் சத்தம் பற்றிய முறையீடுகளின் பேரில் தெருவில் திரிந்த 24 கோழிகளை அதிகாரிகள் அகற்றிக் கொன்றபோது, பொதுமக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. இவற்றை நாம் அப்படியே பெயர்த்து எழுத வேண்டியதில்லை. இரண்டு சென்ட் மனையில் சுவரோடு சுவராக வீடு கட்டும் நம் தெருக்களுக்கு 25 அடி இடைவெளி ஒத்துவராது. அண்டை வீட்டின் சமையலறை, படுக்கையறைச் சன்னல்களிலிருந்து பத்தடி, கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் அதற்கும் கூடுதலான தூரம் என்று நம் மனைக்கு ஏற்றபடி அளவு வைக்கலாம். தனி மனையுள்ள வீட்டுக்கு ஐந்து அல்லது ஆறு பெட்டைக் கோழிகள் என்பது என் கணிப்பில் நியாயமான எண்ணிக்கை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மொட்டைமாடிக்கும் பால்கனிக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சேவலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முறையீடுகளில் பெரும்பாலானவை அதனால்தான் எழுகின்றன. சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டையிடாது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். பெட்டைக் கோழி முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. முட்டை பொரிக்க மட்டுமே சேவல் வேண்டும். ஆகவே முட்டைக்காக வளர்க்கும் வீட்டில் சேவல் வேண்டாம் என்று விதி வைப்பதால் யாருக்கும் இழப்பில்லை. குஞ்சு வேண்டுவோர் சேவலுள்ள இடத்திலிருந்து கருமுட்டை வாங்கி அடை வைக்கலாம், அல்லது வளர்ந்த குஞ்சாகவே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு விலக்கு தேவைப்படும். நம் ஊர்களில் குலசாமிக்கென்று நேர்ந்து விட்ட சேவல் பல வீடுகளில் நிற்கும்; அதைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தக் குடும்பம் மனம் உடைந்துபோகும். நேர்ச்சைச் சேவலைத் திருவிழா முடியும் வரை வைத்துக்கொள்ளலாம், இரவு முழுதும் வெளிச்சம் புகாத கூண்டில் அடைத்து வைக்க வேண்டும் என்று எழுதினால், இருட்டில் அது அவ்வளவாகக் கூவாது. அண்டை வீட்டாருக்கும் உறக்கம் கெடாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான நேரத்தை அமைதிக்கு உரியதாகக் கொண்டு குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருப்பதால், அந்த நேர வரையறையையே இதற்கும் அளவுகோலாகக் கொள்ளலாம். சண்டைக்கென்று சேவல் பழக்குவோர் வேறு வகையினர். புறக்கடைக் கோழி என்ற பெயரில் அவர்களுக்கு இடம் தரவே கூடாது.

அடுத்தது நாற்றம். இதில் கோழி வளர்ப்போர் பக்கம் தவறு நிறையவே இருக்கிறது என்பதை என் பணி அனுபவத்திலிருந்து ஒப்புக்கொள்கிறேன். ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடும். ஐந்து கோழி என்றால் அரைக் கிலோ. ஒரு வாரத்தில் மூன்றரைக் கிலோ. அதை அள்ளாமல் விட்டு அதன்மேல் மழைத் தண்ணீரும் பட்டால் அம்மோனியா கிளம்பி கண்ணும் மூக்கும் எரியும், ஈயும் மொய்க்கும். கூண்டின் அடியில் நெல் உமியோ மரத்தூளோ நான்கு விரல் உயரம் பரப்பி, எச்சம் விழ விழக் கிளறிவிட்டு, நனைந்த இடத்தை அவ்வப்போது மாற்றினால் வாடையே இருக்காது. அள்ளிய எருவைக் குழியில் மூடி மட்கவிட்டால் வாழைக்கும் முருங்கைக்கும் அதைவிட நல்ல உரம் கிடையாது. பச்சையாகப் போட்டால் செடி கருகிவிடும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாலையில் மிச்சத் தீவனத்தை அப்படியே விட்டுவிட்டால் எலி வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். ஆகவே தீவனத்தை மூடியுள்ள டின்னில் வைப்பதும், அடையும் நேரத்தில் தரையைக் கூட்டுவதும், அடுத்தவர் கீரைப்பாத்தியைக் கோழி கிளறாதபடி வலைத்தட்டி கட்டுவதும் வளர்ப்பவரின் கடமை என்று விதியிலேயே எழுத வேண்டும். இதையெல்லாம் செய்யாதவரிடம் அபராதம் வசூலியுங்கள், அதற்கும் திருந்தாவிட்டால் கோழியை அகற்றச் சொல்லுங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

நான் எல்லாவற்றையும்விட வலியுறுத்த விரும்புவது பதிவையும் தடுப்பூசியையும்தான். பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் உறுதி செய்யப்பட்டது. பிறகு கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் பலமுறை வந்து, ஒவ்வொரு முறையும் நம் எல்லைச் சோதனைச் சாவடிகளில் நம் துறையினர் இரவு பகலாக நிற்க வேண்டியிருந்தது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் உள்ள பறவைகளை அழித்து, பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பதே நடைமுறை. பண்ணை எங்கே இருக்கிறது என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். எந்த வீட்டின் பின்கட்டில் எத்தனை கோழி இருக்கிறது என்பது தெரியாது. கோழி வைத்திருப்பதே குற்றம் என்று மிரட்டி வைத்திருந்தால், அந்த நேரத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். செத்த கோழியை இரவோடு இரவாகக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். தெருநாயும் காக்கையும் அதை இழுத்துச் செல்லும். பதிவு செய்தவருக்கு அழிக்கப்பட்ட பறவைக்கு ஈட்டுத்தொகை உண்டு, பதிவுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தால் தாமாகவே வந்து பதிவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல் ஒரேயொரு கோழி வைத்திருப்பவரும் பதிந்தாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அவர்கள் தடை செய்யவில்லை; கணக்கெடுத்தார்கள்.

பறவைக் காய்ச்சல் எப்போதோ வருவது. ஆண்டுதோறும் வந்து கோழிகளை வாரிக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல் என்று நம் மக்கள் சொல்லும் ராணிக்கெட் நோய். கோழி உறங்கி வழியும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும். நாலைந்து நாளில் தெருவே காலியாகிவிடும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. எட்டாவது வாரத்தில் இறக்கையின் அடியில் போடும் ஓர் ஊசி நல்ல பாதுகாப்பைத் தரும். ஆனால் மருந்துக் குப்பி குறைந்தது நூறு கோழிக்கான அளவில்தான் வரும். கரைத்துவிட்டால் குளிர்ச்சி குறையாமல் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கிப் போட முடியாததற்கு இதுவே காரணம். இதற்காகத்தான் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கிராமம் கிராமமாக முகாம் நடத்துகிறது. குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில், கோழிகளைத் திறந்துவிடும் முன்பே, வீடு வீடாகப் போன அந்தப் பிப்ரவரிகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. எங்கள் பகுதி மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு அந்த முகாம் இங்கே வருவது நின்றுவிட்டது. நகரத்தில் கோழி இருக்காது என்று ஏட்டளவில் எண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது. வார்டு அளவில் ஒரு பதிவேடு இருந்தால், எந்தத் தெருவில் எத்தனை கோழி என்று கூட்டி, ஒரு குப்பியைக் கரைத்து ஒரு மணி நேரத்தில் ஒரு தெருவையே முடித்துவிடலாம்.

ஏழைப் பெண்கள் பிழைக்கட்டும் என்று நாட்டுக்கோழிகளை வழங்கும் திட்டத்தை அரசே கிராமங்களில் நடத்தியிருக்கிறது. அந்தப் பணியில் பயனாளிகளின் வீட்டுக்கே சென்று கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டைகள்தான் இடும். பண்ணைக் கோழியின் முந்நூறோடு அதை ஒப்பிடவே முடியாது. ஆனாலும் சாதக் கழுவலையும் கீரைத் தண்டையும் கறையானையும் தின்றுவிட்டு அது தரும் அந்த அறுபது முட்டைகள், கைச்செலவுக்குப் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்காமல் ஒரு தாயை நடமாட வைக்கின்றன. அரசின் ஒரு கை கொடுத்த கோழியை, ஊரின் பெயர்ப்பலகை மாறியது என்பதற்காக இன்னொரு கை பிடுங்கக் கூடாது.

ஆகவே எங்கள் மாநகராட்சியும், எல்லை விரிந்துகொண்டிருக்கும் மற்ற மாநகராட்சிகளும், கோழி வளர்ப்போரையும் அதனால் சிரமப்படுவோரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்துக் கேட்டு, எண்ணிக்கை, இடைவெளி, சேவல், எச்சம், பதிவு ஆகியவற்றுக்குத் துணைவிதி இயற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை எழுத்திலான அறிவிப்பும் பதினைந்து நாள் அவகாசமும் இன்றி யாருடைய கோழியையும் அகற்றச் சொல்லக் கூடாது என்று ஆணையர்கள் தங்கள் ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பலாம்; அதற்கு மாமன்றத் தீர்மானம்கூடத் தேவைப்படாது.

எதிர்வீட்டு அம்மா சென்ற வாரம் என்னிடம், "எத்தனை கோழி வரைக்கும் வச்சுக்கலாம்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி" என்று கேட்டார். வார்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே யாராலும் ஓர் எண்ணைச் சொல்ல முடியவில்லை. துணைவிதி வரைவு எழுதவோ, எங்கள் வார்டில் வீடு வீடாகச் சென்று பதிவேடு தயாரிக்கவோ என் உதவி வேண்டும் என்றால் ஊதியம் ஏதுமின்றிச் செய்யத் தயாராக இருக்கிறேன். வரும் பிப்ரவரி முகாமுக்குள் அந்தப் பதிவேடு தயாராகிவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்